வலய மாற்றம்

ஸ்காபரோ. நூலகத்தின் கீழ்த்தளம். மாசி மாதம், மாலை ஏழு மணி.
பூட்டிக் கிடக்கும் கம்பளக் கடையை
அறுபத்து நான்கு கட்டிலும் ஆறு குளியலறையுமாய்
மாற்றலாமா கூடாதா என்று
மாநகரம் கேட்க வந்திருக்கிறது.
எனக்கு ஒரு ஒலிவாங்கி, ஒரு தண்ணீர்ப் போத்தல்,
மூன்று மணித்தியாலச் சம்பளம்.
காதுக்கருவிகள் இருபத்திரண்டு.
பெயரும் முகவரியும் எழுதிவிட்டு வாங்கிப் போனார்கள்.

திட்ட அதிகாரி முதல் வசனத்திலேயே ஸோனிங் என்றார்.
வலயம், என்றேன்.
மூன்றாம் வரிசையில் ஒரு பெண்
கருவியைக் காதிலிருந்து சற்றே விலக்கிப் பிடித்தாள்.
தெரியும்.
எங்களுக்கு அதை அறிவித்தவர்கள்
பாதுகாப்பு என்றும் முன்னால் சேர்த்துக்கொண்டார்கள்.
மண்டலம் என்று மாற்றிப் பார்த்தேன்.
வானிலை அறிக்கை வாசிப்பது போலிருந்தது.
திரும்பவும் வலயம்.

ஆளுக்கு மூன்று நிமிடம்.
'அவர் சொல்கிறார்' என்று மொழிபெயர்ப்பவர் சொல்லக்கூடாது, அது விதி.
ஆகவே நானே சொன்னேன்:
எனக்கு இரக்கம் இல்லாமல் இல்லை.
எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.
ஊஞ்சலுக்குக் கீழே நான் ஊசி கண்டெடுத்தேன்.
நான் அவர்களை எதிர்க்கவில்லை, இந்த இடத்தைத்தான்.
நான் தாதி. போன மாதம் பனியில் விறைத்த
இரண்டு விரல்களை அகற்றிய ஒருவரை
விடிய நாலரைக்கு வெளியே அனுப்பினேன்,
பஸ் டிக்கெட் கொடுத்து.
அங்கே மட்டும் தொண்டை நின்றது. தண்ணீர் குடித்தேன்.

வீடில்லாதவர்கள் என்றுதான் தொடங்கினேன்.
பேச்சு வேகமெடுக்க, வீடு உதிர்ந்துவிட்டது.
எட்டு மணிக்குத்தான் கவனித்தேன்:
இல்லாதவர்கள் எங்கே சாப்பிடுவார்கள்,
இல்லாதவர்கள் இரவில் கத்துவார்கள்,
இல்லாதவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள்.
இல் என்றாலே வீடுதான், பள்ளியில் படித்தது.
திருத்த நேரமில்லை.

சிவகடாட்சம் தமிழில் பேசினார், ஆங்கிலத்தில் நான்.
"வந்தாரை வாழ வைக்கிற சனம் நாங்கள். ஆனால்"
என்று நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தார்.
பிறகு பள்ளிக்கூட வாசலுக்கு நூற்றெண்பத்தாறு மீற்றர்,
பனிக்குள் நாடா பிடித்துத் தானே அளந்தது.
ஆனாலை ஒரு சொல்லாய்ப் பெயர்த்தேன்.
அதில் அவர் நின்ற நேரத்தைப் பெயர்க்கவில்லை.

அவருடைய மனுவில் நானும் கையெழுத்திட்டவள்.
ஐப்பசியில் வாசலுக்கு வந்தார்.
அடுப்பில் பருப்பு. அவருடைய பேனா எழுதவில்லை.
உள்ளே போய் என் பேனாவை எடுத்து வந்தேன்.

முடிவு பங்குனிக்குத் தள்ளிப்போனது.
கதிரைகள் மடங்கின. கோப்பி தீர்ந்தது.
பெட்டிக்குள் இருபத்தொரு கருவிகள்.
கடைசி வரிசையில், வெப்பக்குழாய்ப் பக்கமாக,
கோட்டைக் கழற்றாமல் ஒருவர்.
சப்பாத்துக்குள் காலைச் சுற்றிய பாண் பைகள்
கணுக்காலில் பிதுங்கித் தெரிந்தன.
நித்திரையாக்கும் என்று நினைத்தேன்.

எழுந்து வந்தார். கருவியின் பஞ்சைச்
சட்டைக் கையால் துடைத்து நீட்டினார்.
"வடிவாச் சொன்னனீங்கள், தங்கச்சி.
ஒரு சொல்லும் விடேல்லை."

பட்டியலில் பதினேழாவது: கே. அருமைநாயகம்.
முகவரிக் கட்டத்தில் முதலில் ஒரு கோடு.
பிறகு அந்தக் கோட்டின் மேலேயே, அழுத்தி,
இந்த நூலகத்தின் முகவரி,
தபாற்குறியீடு வரை பிழையில்லாமல்.
நூலகம் ஒன்பதுக்குப் பூட்டும்.
அப்போது எட்டு ஐம்பத்திரண்டு.

சம்பளப் படிவத்தில் கடைசிக் கேள்வி:
இந்த விடயத்தில் உங்களுக்குச் சொந்த நலன் ஏதும் உண்டா?
காருக்குள் இருந்து, ஹீட்டரைக் கூட்டிவிட்டு,
கைப்பைக்குள் பேனாவைத் தேடினேன்.
கண்ணாடியில் புகார் ஏறிக்கொண்டிருந்தது.
பஸ் தரிப்பிடத்தில் நின்றது அவர்தானா என்று
துடைத்துப் பார்க்கவில்லை.