நாலு மூலை

கோப்பிக் கிடங்கில் பாதியைத் தட்டியால் மறைத்து
ஒரு மேசை, ஒரு தராசு, அரக்கு உருக்க ஒரு விளக்கு.
இறம்பொடைத் தபால் கந்தோர் அவ்வளவே.
பெட்டிக்குள் மகாராணியின் தலைகள்
பனியில் ஊறி
ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

தபால் அதிபர் எலியாத்தம்பிக்கு
வந்த மூன்றாம் மாதம்தான் விளங்கியது.
அக்கரையிலிருந்து முத்திரையில்லாமல் வரும் கடிதத்துக்கு
வாங்குகிறவன் இரட்டிப்பாய்க் கட்டவேண்டும்,
ஒரு நாள் கூலி.
எவனும் கட்டுவதில்லை.
எல்லாரும் வந்து பார்க்கிறார்கள்.

நாலு மூலையிலும் மஞ்சள் இருந்தால்
சிரித்துக்கொண்டே திருப்பித் தருகிறார்கள்.
ஒரு மூலை கிழிந்திருந்தால்
வாசலைத் தாண்டி, ஆற்றுப் பக்கம் போய்,
தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.
கடிதம் மேசையிலேயே கிடக்கிறது,
ஒட்டியது ஒட்டியபடி.

கண்டியிலிருந்து மேலிடம் கேட்டது:
ஒரே காலாண்டில் நாற்பத்தொரு கடிதம்
ஏன் மறுக்கப்பட்டது?
"வறுமை" என்று எழுதினார்.
வாசித்துவிட்டார்கள் ஐயா, என்று எழுத
அந்தப் படிவத்தில் கட்டமில்லை.

பழம் பறிப்பு முடிகிற மாதம்.
ஒரு வாரமாய் வானம்
கழுவிக் கவிழ்த்த பானை.
விரலெல்லாம் கறையோடு சிட்டாயி வந்தாள்.
அவள் கடிதத்தில் மஞ்சள் இல்லை.
கிழிசலும் இல்லை.
திருப்பினாள். வெயிலில் பிடித்தாள். மோந்தாள்.
நாலு மூலையையும் தொட்டுத் தொட்டு எண்ணினாள்,
ஐந்தாவது ஒன்று இருக்குமோ என்பதுபோல.
பிறகு முந்தி முடிச்சை அவிழ்த்தாள்.

அதிபர் வாசித்தார்:
செவலை கன்று போட்டது, கிடேரி.
கிணற்றில் முழங்கால் தண்ணீர்.
பூவரசு சாய்ந்தது, கூரைக்குச் சேதமில்லை.
உன் பெட்டியில் கரையான் ஏறி, வெயிலில் வைத்தோம்.

"அவ்வளவுதானா?"
அவ்வளவுதான்.
"இதுக்கா ஒருநாச் சம்பளம்?"
தான் எழுதியதுபோல
எலியாத்தம்பிக்கு வெட்கமாய்ப் போயிற்று.

வெளியே அஞ்சலோட்டக்காரன் ஒச்சப்பன்.
புசல்லாவைப் பை தோளில் ஏறிவிட்டது.
கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்,
ஈட்டியில் கட்டிய மணி முணுமுணுத்தது.

சிட்டாயி நகரவில்லை.
"காசு குடுத்தாச்சுல்ல சாமி,
செவலையிலேருந்து இன்னொருக்கா வாசிங்க."

மணி நின்றது.

பதிவேட்டில் அன்றைய வரி,
சாய்வான நல்ல கையெழுத்தில்:
புசல்லாவைத் தபால் இருபது நிமிடம் பிந்தியது.
காரணம், மழை.