வேலி எண்ணெய்

பம்பாரா மொழியில் அதற்குப் பெயர் பகானி.
பாகா என்றால் நஞ்சு.
நமக்குக் காட்டாமணக்கு.
ஆடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும்;
அதனாலேயே மாலியின் தெற்கில்
கம்பு வயல்களைச் சுற்றி அதை நட்டார்கள்.
ஏழு வயதில் மூன்று கொட்டை தின்று
விடிய விடிய வாந்தி எடுத்தவள் நியேலே.
இன்று அதே கொட்டையை
எடைபோட்டு வாங்குகிறாள்.

நான்கு கிலோவுக்கு ஒரு லிட்டர்.
கொட்டை முற்றியிருந்தால். செக்கு சூடேறியிருந்தால்.
பிண்ணாக்கைக் கழுதைக்கும் வைக்க முடியாது,
மண்ணுக்குப் போடலாம்.
ராஜ்கோட்டில் வார்த்த ஒற்றை சிலிண்டர் எஞ்சின்
முதலில் கொஞ்சம் டீசல் கேட்கும்,
உள்ளே சூடானபின்
எதை ஊற்றினாலும் குடிக்கும்,
என் புருஷனைப் போல, என்பாள் சிதான்.
மாவுக்கு வரிசையில் நிற்கும் பெண்கள் சிரிப்பார்கள்.
சிதானும் சிரிப்பாள்,
கொஞ்சம் தாமதமாக.

எட்டு ஆண்டுகளுக்கு முன்
அடுத்த ஊருக்கு ஒரு வெள்ளை வண்டி வந்தது.
விரித்த வரைபடத்தில்
ஸிராகோரோ முழுக்கப் பச்சையாக இருந்தது.
ஹெக்டேருக்கு ஐந்து டன் என்றார்கள்.
விமானம்கூட இதில் பறக்கும் என்றார்கள்.
'உள்ளார்ந்த ஆற்றல்' என்று அவர்கள் சொன்னதை
மொழிபெயர்க்க வந்த பையன்
மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தான்:
வரக்கூடியது.
வயிற்றிலிருக்கும் பிள்ளை.
தருவதாகச் சொல்லி இன்னும் தராத கடன்.
கடைசியாகச் சொன்னதுதான்
எல்லோருக்கும் புரிந்தது.

வேலி வேலியாக நிலம் கேட்டார்கள்.
ஓரத்தில் நின்ற செடி
வரப்பைத் தாண்டி உள்ளே இறங்கியது.
கம்பு போன இடத்தில் பகானி,
கடலை போன இடத்திலும் பகானி.
வேலியே பயிரை மேய்ந்தது என்று
நாம் பழமொழியாகச் சொல்லிக் கடந்துபோவதை
அங்கே காலடி வைத்து அளந்து காட்டுவார்கள்:
இங்கிருந்து
அதோ, அந்த ஷியா மரம் வரை.

ஐந்து டன் என்று எழுதியிருந்ததைச்
செடி படிக்கவில்லை.
மழை பொய்த்த வருஷம் கால் டன்.
அதற்கடுத்த வருஷம் வண்டியே வரவில்லை.
ஒப்பந்தத்தன்று கொடுத்த பச்சை பனியன்கள் மட்டும்
ஆளுக்கு இரண்டு இருந்தன.

நியேலே கழுதை வண்டியோடு போனபோது
ஸூமானா பழைய விலையைச் சொன்னான்,
அவர்கள் அவனுக்குச் சொன்ன விலை.
'அந்த விலைக்கு விமானம்தான் வாங்கும்.
என்னுடையது மாவு மில்.'
அவன் சிரிக்கவில்லை.
ஆறு மூட்டை ஏற்றினான்.
வடிகட்டத் துணி வேண்டும் என்றாள்;
உள்ளே போய்
மடிப்புக் கலையாத ஒரு பனியனோடு வந்தான்.

இந்த மாதம் டீசல் லாரி வரவில்லை.
சாலையில் என்னவோ என்கிறார்கள்,
யாரும் உரக்கச் சொல்வதில்லை.
எஞ்சினிலிருந்து ஒரு கம்பி
பிரசவ அறைக்கும் போகிறது;
அங்கே ஒரு பல்பு.
இரவு ஒன்பதுக்கு
மருத்துவச்சியிடமிருந்து சிறுமி ஓடி வந்தாள்:
நிறுத்திவிடாதீர்கள்,
இன்னும் ஒரு மணி நேரமாவது.

ஒரு மணி நேரம் என்றால் இரண்டு லிட்டர்.
இரண்டு லிட்டர் என்றால் எட்டுக் கிலோ.
நியேலே டப்பாவைச் சாய்த்துப் பார்த்தாள்,
அடியில் விரலளவு.

மாவு வாங்கியவர்கள் வீட்டுக்குப் போகவில்லை.
வெதுவெதுப்பான மாவை மடியருகே வைத்து
வெறுந்தரையில் உட்கார்ந்து
கொட்டையைப் புடைக்கிறார்கள்,
கல்லையும் சருகையும் தனியே தள்ளுகிறார்கள்.
யாரோ ஒருத்தி
'கையைக் கழுவாமல் பிள்ளையைத் தொடாதே' என்கிறாள்.
சிதான் செக்கின் பிடியில்
உடம்பு முழுவதையும் சாய்க்கிறாள்.

கம்பெனியின் பெயரை முதலில் நனைத்து,
பிறகு அதன் கீழே அச்சடித்திருந்த
'எதிர்காலம்' என்ற பிரெஞ்சுச் சொல்லைக் கறுக்கவைத்து,
பனியனின் அடிநுனியில்
திரண்டு
தொங்குகிறது
ஒரு சொட்டு.
இன்னும் விழவில்லை.