நாலாவது முகம்

மாரிக்குப்பம் ரயில் நின்றுபோன நாளிலிருந்து
விருந்து மண்டபத்தில்தான் எங்களுக்குப் படுக்கை.
கல்யாணப் பூவளைவைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப்
பதினாறு பேர்.
ஆளுக்கும் ஆளுக்கும் ஆறடி,
தரையில் நீல டேப்.
தூக்கத்தில் புரளும் கைக்கு
டேப் தெரிவதில்லை.

நேற்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள்:
பணியிட ஆரோக்கியம் குறித்து உங்கள் கருத்து.
கேள்விக்குக் கேள்வி ஐந்து மஞ்சள் முகங்கள்,
அழுகையில் தொடங்கி இளிப்பில் முடிகிற வரிசை.
பெயர் எழுத வேண்டாம் என்றார் நாகவேணி மேடம்.
தாளின் மூலையில்
பென்சிலில் ஏற்கெனவே இருந்தது
என் ஊழியர் எண்.

முகக்கவசம் தருகிறார்களா?
தருகிறார்கள், வாரம் இரண்டு.
இரவில் அலசி நாற்காலி முதுகில் போட்டால்
விடிவதற்குள் காய்ந்துவிடும்,
மூக்குப் பக்கம் தவிர.
இதற்கு எந்த முகம்?

நானூற்றுப் பன்னிரண்டில் இருந்தவரை
நடுராத்திரி வெள்ளை உடைக்காரர்கள் கூட்டிப்போனார்கள்.
மருந்து அடித்தாயிற்று, பயமில்லை என்று
காலையில் என்னை அனுப்பினார்கள்.
மேசையில் பாதி உரித்த சாத்துக்குடி.
தலையணையில் இன்னும் ஒரு தலையின் பள்ளம்.
மூச்சை அடக்கிக்கொண்டு உறை கழற்றினேன்.
தலையணை நான்கு.
ஒரு மூச்சுக்கு இரண்டு.

வாசலில் தினமும் நெற்றிக்கு நேரே துப்பாக்கி நீட்டி
முப்பத்தாறு புள்ளி நாலு, போ என்கிறார்கள்.
தங்கவயலில் கம்பெனி ஆஸ்பத்திரியிலும்
வருடம் ஒருமுறை அப்பாவின் நெஞ்சைத் தட்டிப் பார்த்து
வேலைக்குத் தகுதி என்று குத்தினார்கள்.
சுரங்கத்தை மூடிய பிறகுதான் தெரிந்தது
உள்ளே பாதி கல் என்று.

எல்லோரும் நாலாவது முகத்தில் டிக் போட்டோம்.
ஐந்தாவதை நம்பமாட்டார்கள்.
மூன்றாவதைப் போட்டால் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.
நாலாவதில்
ஆண்டர்சன்பேட்டை வீட்டு வாடகை இருக்கிறது.

கடைசியில் இரண்டு வெற்றுக் கோடுகள்,
வேறு கருத்து இருந்தால்.
ஜன்னல் என்று எழுதினேன்.
தமிழில் எழுதியதை யார் படிப்பார் என்று
அப்படியே மடித்துக் கொடுத்துவிட்டேன்.

நாலாம் மாடி முழுக்க ஒரே காற்றுதான்
சுற்றிச் சுற்றி வருகிறது என்பான்
எலக்ட்ரீசியன் தேபோஜித்.
எப்போதோ யாரோ குதிக்கப் பார்த்தார்களாம்,
அன்றிலிருந்து ஜன்னலுக்கெல்லாம் திருகாணி.
இன்று அவனுடைய ஸ்க்ரூடிரைவரை வாங்கிப்போய்
நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்றைக் கழற்றினேன்.
துரு. உள்ளங்கை சிவந்துவிட்டது.
கையகலம் திறந்தது.
ரெசிடென்சி ரோட்டு மழை வாசனை,
தூரத்தில் ஓர் ஆம்புலன்ஸ்,
மிக அருகில் ஒரு காக்கா.
கவசத்தைத் தாடைக்கு இறக்கி
எண்ணாமல் மூச்சு விட்டேன்.

திருகாணியை ஏப்ரன் பையில் போட்டது
நினைவில்லை.
துணிகளோடு அதுவும் கீழே போய்விட்டது.
அடித்தளத்தில் பெரிய மெஷின்
கடகடவென்று அடித்துக்கொள்கிறது.
இரண்டு முறை நிறுத்திக் கைவிட்டுப் பார்த்தார்கள்.
கிடைக்கவில்லை.
மேலே மண்டபத்தில்
யாரும் தூங்கவுமில்லை.