கொட்பேக் கூதல்

திருகோணமலையில், வீட்டுக்குள் சூடேற்ற
ஒரு அடுப்பு வேண்டுமாம்.
போனில் கேட்டதும் சிரித்துவிட்டேன்.
றெஜினா சிரிக்கவில்லை.
"வந்து பாருங்கோ" என்றாள், அவ்வளவுதான்.

உட்துறைமுக வீதி. ஆனி மாதக் கச்சான்.
தாரில் செருப்பு ஒட்டுகிறது.
உள்ளே அருள்ஞானம்
கம்பளித் தொப்பியோடு கட்டிலில்,
காலில் இரண்டு சோடி மேசு.

இருபத்தாறு வருசம் கொட்பே ஐஸ் பக்டரி.
நானும் அங்கே போயிருக்கிறேன்,
அமோனியாக் குழாய் கசிந்த இரவுகளில்
மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு.
வெளியே வந்து நின்றால்
பத்து நிமிசத்தில் எனக்கு விட்டுவிடும்.
அவருக்கு விடவில்லை.
டொக்டர் ஏதோ இரத்தவோட்டம் என்றார்,
குளிசை தந்தார்.
கன்னியாவுக்கும் கொண்டுபோனார்களாம்;
ஏழு கிணற்றிலும் வாளி வாளியாய் வார்த்து
வீடு திரும்ப, ஆட்டோவுக்குள்ளேயே
பல் கிடுகிடுத்ததாம்.
மின்சார ஹீட்டரா? பில்லைக் காட்டினாள்.

ஆக, விறகு.

காலண்டர் தாளின் பின்புறம் கீறினேன்:
அடுப்பு பின்விறாந்தையில்;
புகை அவர் நெஞ்சுக்கு ஆகாது.
அடுப்பின் முதுகோடு ஒட்டி ஒரு தண்ணிப்பெட்டி.
மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய்,
சுவரைத் துளைத்து, கட்டில் தலைமாட்டில்
ஐந்து வரி இரும்பாய் ஓடி
திரும்பவும் பெட்டிக்கு.
பம்ப் வேண்டாம்.
சூடான தண்ணிக்கு ஏறத் தெரியும்,
ஆறினதுக்கு இறங்கத் தெரியும்.
சரிவை மட்டும் நான் பிழைக்காமல் வைக்கவேண்டும்.

தகடு, சீனன்குடாப் பழைய சாமான் கடையில்.
"எண்ணெய்த் தாங்கியில கழட்டினது,
வெள்ளைக்காரன் காலத்தது" என்று சத்தியம் பண்ணினான்.
எல்லாத் தகட்டுக்கும் அவனிடம் அதே சத்தியம்.
தட்டிப் பார்த்தேன். கனத்த நாதம். வாங்கினேன்.

சுவர் துளைக்க கிண்ணியாவிலிருந்து முஃபாரிஸ்.
வேர்வையில் ட்ரில் இரண்டு தரம் கைநழுவியது.
"இந்த வெக்கையில இதுக்கும் காசு குடுப்பாங்களா?"
மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டுத் தலைகள் நான்கு,
அதே கேள்வியோடு.

ஒரு குழாய் மட்டும் எங்கும் போகவில்லை.
கூரையைத் தாண்டி
வானத்தைப் பார்த்தபடி வாய் திறந்து நிற்கிறது.
"இதை அடைச்சால்?" என்றாள் றெஜினா.
"பெட்டி வெடிக்கும்."
"காகம் கூடு கட்டினால்?"
அது எனக்குத் தோன்றவில்லை.
வலைத்துண்டு ஒன்று கட்டினேன்.
"கரையில ஒதுங்கின கட்டை எரிக்காதேங்கோ.
நீலமாய் வடிவாய் எரியும்,
உப்பு இரும்பைத் தின்னும்."

ஐப்பசி, முதல் மழை.
முதிரைச் சிராய், மண்ணெண்ணெய் ஒரு சொட்டு.
அரைமணியில் குழாய்கள் தட்டத் தொடங்கின.
டக். டக்டக். டக்.
காற்று அடைத்திருக்கிறது. என் பிழை,
நடு வரியில் ஒரு விரற்கடை மேடு.
ஸ்பானரோடு ஓடினேன்.
அருள்ஞானம் கையைத் தூக்கினார்:
"விடு. கொம்பிறசர் எடுக்குது.
கொஞ்சம் பொறு, ரெண்டாவதும் எடுக்கும்."
எடுத்தது.

காற்றைத் திறந்துவிட்டேன். சத்தம் நின்றது.
அவர் முகம் சற்று விழுந்தது.

அந்த அறை எனக்கு உலை.
சேர்ட் முதுகோடு ஒட்டி, கண்ணுக்குள் உப்பு.
அவர் தொப்பியைக் கழற்றவில்லை.
நெடுநேரம் கழித்து
மேசில் ஒரு சோடியைக் கழற்றச் சொன்னார்.
ஒரு சோடி.
றெஜினா அதை மடித்து,
பிறகு விரித்து, திரும்பவும் மடித்தாள்.

மீதிக் காசு தைக்குப் பிறகாம்.

கார்த்திகையில் ஒரு படம் அனுப்பினாள்.
விடிகிற மழை. குழாய் உள்ளே நுழைகிற வெளிச்சுவர்.
அதில் முதுகை ஒட்டிப் படுத்திருக்கின்றன
மூன்று மான்கள்.
கீழே எழுத்து:
"சுவர் சுடுது. ஏதும் பிழையோ?"

பிழைதான்.
அந்த வளைவுக்கு உறை சுற்ற மறந்துவிட்டேன்.
சூடு வெளியே போகிறது,
அவளுடைய விறகு.
அரைமணி வேலை, ஒரு சுருள் கயிறு.

இன்னும் போகவில்லை.