பத்தொன்பதாவது நிமிடம்

துலூத் நகரில் விடிகாலை மூன்று மணி.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
நிலவறையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும்
கொதிகலனுக்கும் நடுவே
ஆறடிக்கு நாலடி, மார்லிஸின் மைதானம்.
எம்பினால் தலை குழாயில் இடிக்கும்.
அதனால் எல்லாக் குதியையும்
கொஞ்சம் கூனித்தான் குதிக்கிறாள்.

திரையில் அந்த ஆள் கத்துகிறான்:
இன்னும் பத்து! இன்னும் பத்து!
அவன் பத்துக்கு முடிவே கிடையாது.

இரண்டாம் வரிசை, இடது ஓரம்,
மஞ்சள் தலைப்பட்டைக்காரி ஒருத்தி.
பத்தொன்பதாவது நிமிடம் வந்தால்
முட்டியில் கையூன்றிக் குனிந்துவிடுவாள்.
நேற்றும் அங்கேதான். முந்தாநாளும்.
கோரின் என்று பேர் வைத்திருக்கிறாள் மார்லிஸ்.
இவளும் கூடவே குனிவாள்.
நாற்பது நாளாய்ச் சேர்ந்தே இளைத்தார்கள்,
உடம்பு அல்ல, மூச்சு.

இன்று நாற்பத்தொன்று.
பத்தொன்பது தாண்டி, இருபது தாண்டி
கால்கள் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.
இருபத்தொன்றில்தான் நினைவு வந்தது.

படத்தைப் பின்னால் ஓட்டினாள்.
பனி வாரும் வண்டி ஓட்டுகிறவள்;
சாலையோரம் நின்றுவிட்ட காரைக்
கண்டும் காணாமல் போய்ப் பழக்கமில்லை.

குனிந்த இடத்தில் நிறுத்தினாள்.
கத்துகிறவன் வாய் திறந்தபடி.
மற்றவர்கள் எல்லாம் அந்தரத்தில்.
தரையில் கால் பாவி நிற்பவள்
கோரின் ஒருத்திதான்.

"மெதுவா," என்றாள் மார்லிஸ்,
குழாயிலிருந்து கழுத்தில் சொட்டியதைத் துடைத்துக்கொண்டே.
நாலு மணிக்கு வண்டி எடுக்க வேண்டும்.
இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.