எம் எழுத்து வரை அடிக்கோடு

நீல்கேத் பழைய புத்தகக் கடையில்
எடைக்குப் போகாமல் தப்பிய ஒன்று.
எழுபது டாக்கா சொன்னான், நாற்பதுக்குத் தந்தான்.
சமூகப் பிரச்சினைகள்: ஆங்கிலச் சொல், வங்காளப் பொருள்.
அவலங்களும் வரிசையில்தான் நிற்க வேண்டும்,
ஏ முதல் இசட் வரை.

எனக்கு முன் வைத்திருந்தவர் பெயர் ஷஃபாயெத்.
முதல் பக்கத்தில் பேனாவால்
இரண்டு முறை எழுதி அழுத்தியிருக்கிறார்.
அவருடைய பென்சில் கோடு
அடிக்‌ஷனில் கிளம்பி
பிரைபரி, கரப்ஷன், டவ்ரி என ஊர் ஊராய் நின்று
மால்நியூட்ரிஷனில் இறங்கிவிட்டது.
அதற்கப்புறம் வெள்ளைப் பக்கங்கள்,
ஒரு தேநீர்க் கறைகூட இல்லை.

அடுத்த சொல் நெப்போடிசம்.
"மாமன் ஒருத்தர் கிடைத்திருப்பார்"
என்றாள் அறைத்தோழி லுபாபா.
சிரித்தோம். சிரித்து முடித்து
ஆளுக்குப் பத்துச் சொல் உருப்போட்டோம்.

ஃபார்ம்கேட்டுக்குப் பின்னால் ஐந்தாவது மாடி.
மூன்று கட்டில், ஆறு பேர், ஒரு மின்விசிறி.
வயது வரம்பைத் தொட எனக்கு ஏழு மாதம்.
லுபாபாவிடம் அதைக் கேட்கக் கூடாது.

இந்தப் புத்தகத்தில் எல்லாமே சாபம்.
வரதட்சணை ஒரு சாபம்.
வேலையின்மை ஒரு சாபம்.
சாபத்தில் சேராதவை பற்றி எரியும் கேள்விகள்.
எரிகிறது எரிகிறது என்கிறார்களே தவிர
யார் வீடு என்று ஒரு வாக்கியமும் சொல்லவில்லை.

சமைக்க வரும் மொர்ஜினா
அரிசி களைந்தபடி கேட்டாள்:
"குடிசையைப் பிடுங்கிப் போடுகிறார்களே,
அதற்குப் பேர் உண்டா உன் புத்தகத்தில்?"
எவிக்‌ஷன் என்றேன்.
ஏபிக்சன் என்றாள்.
பாத்திரம் தேய்க்கையில் ஏபிக்சன்,
படி இறங்குகையில் ஏபிக்சன்.

மறுநாள் வந்து சொன்னாள்:
வார்டு ஆபீஸில் மூன்று நாளாய் நிமிராத தலை
அந்த ஒரு சொல்லுக்கு நிமிர்ந்ததாம்.
நாற்காலி தரவில்லை.
பேரை மட்டும் எழுதிக்கொண்டானாம்.
இன்னொன்று கொடு என்றாள்,
கீரைக்காரியிடம் கொசுறு கேட்பதுபோல.
ரீஹேபிலிடேஷன் அவளுக்கு நீளமாக இருந்தது;
இரண்டாகப் பிட்டுக் கொடுத்தேன்.
முன்பாதியோடு போனாள்.

ஈ எழுத்தில் எனக்கென்று ஒரு சொல் இருக்கிறது.
ஈரோஷன்.
பொருள்: விழுமியங்களின் அரிப்பு.
எடுத்துக்காட்டாக இளைய தலைமுறையைத் திட்டி ஒரு வரி.
ஆறு என்ற பேச்சே அந்தப் பக்கத்தில் கிடையாது.
கைபாந்தாவில் எங்கள் வீட்டு எண் பதினேழு,
ஜமுனாவுக்குள் இப்போது எத்தனையாவதோ.
மூன்று இரவில் போனது.
முதலில் கழிப்பறை, அப்புறம் பாக்கு மரம்,
அப்புறம் கணக்கு வைக்க நேரமில்லை.

ஷஃபாயெத் இந்தச் சொல்லையும் கோடிட்டிருக்கிறார்.
ஓரத்தில் பென்சிலால் ஓர் ஊர்ப் பெயர்,
எழுதி, பிறகு அழித்தது.
விளக்கில் சாய்த்துப் பார்த்தேன், புரியவில்லை.

மாதிரித் தேர்வில் அதே சொல் வந்தது,
வாக்கியத்தில் அமைக்கச் சொல்லி.
நான் எழுதினேன்:
ஈரோஷன் வீட்டைக் கொண்டுபோனது,
வீட்டு வரி நோட்டீஸ் இன்னும் வருகிறது.
இலக்கணம் சரிதான்.
அரை மதிப்பெண் குறைத்துச் சிவப்பில் குறிப்பு:
'தலைப்பு சமூகம். புவியியல் அல்ல.'

மின்விசிறிக்கு நேர் கீழே படுக்க இன்று என் முறை.
தூக்கம் வரவில்லை, பென்சிலைச் சீவினேன்.
நெப்போடிசத்துக்குக் கீழே ஒரு கோடு,
கொஞ்சம் கோணல்.
பிறகு ஈ எழுத்துக்குத் திரும்பி
அழிந்த பெயருக்குப் பக்கத்தில்
எங்கள் ஊர்ப் பெயரை எழுதினேன்.
அழிப்பான் லுபாபாவிடம் இருக்கிறது.
கேட்கவில்லை.