நான்காம் தொட்டி

ஷிங்ஹுவா நண்டு நிலையம், ஜூன் மாதம்.
வெளியே குளங்களில் இதே வயதுக் குஞ்சுகள்
மூன்றாம் முறை ஓடு மாற்றிவிட்டன.
உள்ளே என் பொறுப்பில் ஐந்து தொட்டிகள்,
தொட்டிக்கு இருபது நண்டு.
முதல் தொட்டிக்குத் தினமும் தீனி.
மற்றவற்றுக்கு ஏழு நாள் பட்டினி,
பதினான்கு, இருபத்தொன்று, இருபத்தெட்டு.

முதலில் தராசைத்தான் சந்தேகப்பட்டேன்.
பசித்தவை இளைக்கவில்லை.
ஒன்றை அறுத்தபோது தெரிந்தது:
கொழுப்பு எழுந்துபோன இடத்தில்
தண்ணீர் வந்து உட்கார்ந்திருக்கிறது.
வயிற்றில் ஈரத்துணி கட்டிக்கொண்டு என்பார்கள்.
இவை துணியும் இல்லாமல்.

ஓடு சுருங்குவதில்லை.
உள்ளே எவ்வளவு மிச்சம் என்று
யாருக்கும் சொல்வதில்லை.
வளர வேண்டுமானால் அதைக் கழற்ற வேண்டும்,
கழற்றவும் கையிருப்பு வேண்டும்.
வட்டிக்காரனிடம் தவணை கேட்பதுபோல்
அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று
தள்ளிப்போட்டன.

கொழுத்த நண்டு வளையில் தங்காதாம்.
இவை மூலையைவிட்டு நகரவே இல்லை.

இருபத்தொன்றாம் நாள் நான்காம் தொட்டி.
ஈரல் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும்.
இருந்தது மஞ்சள்,
சந்தைக்குப் போகிற மஞ்சள்.
இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதன் வயிற்றில்
செரிக்காத மக்காச்சோளத் தோல்.

தோ கைஃபூ, இரவுக் காவலர்,
டப்பாவின் மூலையை விரலால் வழித்துச் சாப்பிடுவார்.
அவர் அடையாள அட்டையின் நகல் என் இழுப்பறையில்:
ஃபெங்யாங், 1959.
அந்த ஆண்டைப் பற்றி நான் கேட்டதில்லை.
விடியும்போது சாவிக்கொத்தை மேசையில் வைத்தார்.
சட்டைப்பையிலிருந்து ஒரு சோளமுத்து
தரையில் விழுந்து உருண்டது.
இருவரும் அதைப் பார்த்தோம்.
குனிந்து எடுத்து
வாயில் போட்டுக்கொண்டார்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
நான்காம் தொட்டி, வடிகட்டி பழுது,
கணக்கில் சேர்க்கவில்லை.
ஷாங்ஹாயிலிருந்து பேராசிரியர் திட்டினார்.
திட்டட்டும்.

ஐந்தாம் தொட்டி பம்புக்குப் பின்னால் இருக்கிறது.
டார்ச் வெளிச்சம் அங்கே எட்டாது.
இருபத்தெட்டாம் நாள் எண்ணினேன்,
இருபதில் பதினேழு.
ஒன்று எப்படியோ துணிந்து ஓடு கழற்றியிருக்கிறது.
மென்மையாக, புதிதாக, ஒரு சுற்றுப் பெரிதாக
அது இருந்த இடத்தில்
ஒரு கால் மட்டும் கிடந்தது.